ஒரு செம்பு வெள்ளம்

ஒரு ஆளிடம் ஒரு கேள்வி கேட்டால், அவன் அந்தக் கேள்விக்குத்தான் பதில் சொல்லுவான் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அப்போது எனக்கு முப்பது வயது தாண்டியிருந்தது, பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தேன், கல்யாணமும் முடிந்திருந்தது. இவ்வளவுக்கும் பிறகு அப்படி நம்பினேன் என்று சேர்த்துச் சொன்னால்தான் என் மடத்தனத்தின் நீள அகலம் சரியாகத் தெரியும்.

இந்த நம்பிக்கையை எனக்குள் கெட்டிப்படுத்தியவர், கோட்டாற்றில் எங்கள் தெருவிலேயே குடியிருந்த ஒரு கல்லூரி ஆசிரியர். சீமைக்குப் போய் மனோதத்துவம் படித்துவிட்டு வந்தவர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம் அது. முந்தின வருஷம் வாந்திபேதி வந்து போயிருந்தது. தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்க வேண்டும் என்று கோயில்களிலும், கருங்கல் ஊர்ச் சந்தை போன்ற இடங்களிலும் அச்சடித்த தாளை வாசித்துக் காட்டியிருந்தார்கள். கேட்டவர்கள் எல்லோரும் தலையை ஆட்டினார்கள். தலையாட்டினவர்கள் வீட்டுக்குப் போய் அடுப்பில் பானையை ஏற்றினார்களா என்பதை அறிய வேண்டும் என்று அந்த ஆசிரியருக்கு ஓர் ஆசை. அதற்குக் கேள்வி கேட்கிற ஆட்கள் வேண்டும். சனிக்கிழமை சும்மாயிருக்கிற ஆள் என்று என்னைப் பிடித்தார்.

கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது என்று அவர் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு பயபக்தி வந்தது. எல்லோரிடமும் ஒரே வார்த்தையில் கேட்க வேண்டும். பதிலை எடுத்துக் கொடுக்கக் கூடாது. பிடித்த வீட்டுக்குள் நுழையக் கூடாது, ஒரு வீடு விட்டு ஒரு வீடு போக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, பதில் எதுவானாலும் முகத்தில் ஒன்றும் தெரியக் கூடாது. அந்த முகத்தை வீட்டில் பழகிப் பார்த்தேன். மனைவி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பல் வலியா என்று கேட்டாள்.

இத்தனை கவனமாக இருந்த மனிதர் ஒரு மரியாதைக்காக ஒன்று செய்தார். நாங்கள் போகவேண்டியது கடியப்பட்டணத்துக்கு அப்பால் ஒரு சின்னக் கடலோர ஊர். ஊர் முழுக்க மீன்பிடிக்கிற கத்தோலிக்கர்கள். நாங்களோ வேறு சபைக்காரர்கள். சொல்லாமல் போய் நின்றால் நன்றாயிருக்காது என்று அங்குள்ள மாதாகோயில் சாமியாருக்கு முன்கூட்டியே தகவல் அனுப்பினார். அவரும் ஞாயிறு பூசை முடிந்ததும் சனங்களிடம் சொல்லிவிட்டார்: வாத்தியார்கள் வருவார்கள், தண்ணீர் காய்ச்சுகிறதைப் பற்றிக் கேட்பார்கள், மரியாதையாகப் பதில் சொல்லுங்கள்.

இதில் இருக்கிற கோளாறு எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வருகிற நாள் ஒரு மாதம் முன்பே எங்களுக்குத் தெரியும். அந்த மாதம் முழுவதும் ஒரே பாடம்தான் நடக்கும். வாய்பாடு வராத பிள்ளைகளுக்கெல்லாம் அன்று ஒரு நாள் மட்டும் பொன்னுக்குவீங்கி வந்துவிடும். இன்ஸ்பெக்டர் மகிழ்ந்துபோய் எழுதிவைத்துவிட்டுப் போவார். அவரைப் பற்றி நாங்கள் சிரித்த சிரிப்புக்கு அளவில்லை. ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தவுடனே, சிரித்தவனும் இன்ஸ்பெக்டராகிவிடுகிறான் போலிருக்கிறது.

சனிக்கிழமை காலையில் பஸ்ஸில் போய், மிச்சத்தை மணலில் நடந்தேன். வீட்டுக்கு வீடு நின்று, பழகிவைத்த முகத்தோடு, "குடிக்கிற தண்ணீரைக் காய்ச்சுகிறீர்களா?" என்று கேட்டேன். ஆமாம் என்றார்கள். அடுத்த வீட்டிலும் ஆமாம். வலையை உதறிக்கொண்டிருந்த ஒருவர் மட்டும் கொஞ்சம் விரிவாகப் பேசினார்.

"குடிக்குத வெள்ளம் கெடக்கட்டும் சாரே. நாங்க கடலையே காய்ச்சி ஆறவச்சிட்டாக்கும் வள்ளம் எறக்குவோம்."

பக்கத்தில் இருந்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை, எனக்கு முறை இருக்கிறதே. 'ஆம்' என்று எழுதிக்கொண்டேன்.

வெயில் ஏறியபோது ஒரு பெண்ணின் வீட்டு முன்னால் நின்றேன். தலையில் மீன் சுமந்து ஊர் ஊராக விற்கிறவள். மீன் வைக்கிற பனையோலைக் கடவம் ஒன்று வாசலில் கிடந்தது. அதில் ஒரு பக்கம் முழுவதும் பிய்ந்து போயிருந்தது. இடுப்பில் ஒரு பெண் குழந்தை. கேள்வியைக் கேட்டேன், ஆமாம் என்றாள். போகத் திரும்பினவனை நிறுத்தி, உள்ளே போய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"திளப்பிச்ச வெள்ளமாக்கும் சாரே. தைரியமா குடியுங்க."

குழந்தை செம்பைப் பிடிக்கக் கையை நீட்டியது. அவள் அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"ஏட்டி, கைய எடு. அது சாருக்குள்ளது."

பிள்ளைக்கு மரியாதை சொல்லிக் கொடுக்கிறாள் என்று நினைத்துக்கொண்டே முழுச் செம்பையும் குடித்தேன். தண்ணீர் இளஞ்சூடாக இருந்தது. புகை மணத்தது, லேசாக மீனும் மணத்தது. நல்ல வெயில், நல்ல தாகம். மணத்தைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்.

வேலை முடிந்து கரை வழியாகத் திரும்பினேன். ஊருக்கு வெளியே மணலில் தோண்டின ஊற்று ஒன்று இருந்தது. காலையில் முதல் ஆளாக எனக்கு 'ஆமாம்' சொன்ன பெண் அங்கே குனிந்திருந்தாள். தேங்காய்ச் சிரட்டையால் மொண்டு குடத்தில் ஊற்றினாள். நடுவில் ஒரு சிரட்டைத் தண்ணீரைத் தன் மகனிடம் கொடுத்தாள், அவன் குடித்தான். இன்னொரு சிரட்டையை அவள் குடித்தாள். ஊற்றுக்குக் கொஞ்சம் மேலே ஊர்க்காரர்கள் காலைக்கடன் கழிக்கிற இடம். நான் நிமிர்ந்து ஊரைப் பார்த்தேன். மத்தியான நேரம். கூரைகளில் எங்கேயும் புகை இல்லை. சுற்றிலும் மணல், கடல், யாருக்கோ சொந்தமான தென்னைகள். விறகு என்று ஒன்று அந்த ஊரில் எங்கிருந்து வரும் என்று அப்போதுதான் யோசித்தேன்.

அத்தனை பேரும் பொய் சொல்லியிருக்கிறார்கள். அப்படியானால் அந்தச் செம்புத் தண்ணீர்?

கடலோரத்தில் தாழம்புதர் இருந்தது நல்லதாய்ப் போயிற்று. அதற்குப் பின்னால் முழங்காலிட்டுத் தொண்டைக்குள் விரலை விட்டேன். கண்ணீர்தான் வந்தது. இளஞ்சூடா? வெயிலில் வைத்த தண்ணீர் வேறு எப்படி இருக்கும். மீன் மணமா? அழுக்குக்கு வேறு அத்தாட்சி வேண்டுமா. ஒவ்வொன்றாக எடுத்து எனக்கு எதிராகவே சாட்சி வைத்தேன். கடலைக் காய்ச்சுகிற மனிதர் அந்த வழியாக வந்தார்.

"என்ன சாரே, எதையாவது களஞ்சு போட்டீரா?"

ஒன்றும் தொலையவில்லை என்றேன்.

"வயித்துக்கு ஒண்ணும் இல்லியே?"

"வயிறு நன்றாக இருக்கிறது" என்றேன், முகத்தில் ஒன்றும் தெரியாமல். காலையிலிருந்து நூல் பிடித்தாற்போல் கேள்வி கேட்டுவந்தவன், என்னை ஒருவன் ஒரே ஒரு கேள்வி கேட்டதும் இப்படிப் பதில் சொன்னேன்.

வீட்டுக்கு வரும் வழியில் மிளகு வாங்கி மென்றேன், பச்சை வெங்காயம் தின்றேன், உப்பை அள்ளிப் போட்டுக்கொண்டேன். இவற்றால் வயிறு எரிந்தது. எரிந்ததும் நோய் தொடங்கிவிட்டது என்று தெரிந்துகொண்டேன். கெண்டைக்கால் இழுத்தது. நாளெல்லாம் மணலில் நடந்ததை மறந்துபோனேன். தனக்குள் நடக்கிறதைத் தானே உற்றுப் பார்ப்பதும் ஓர் ஆராய்ச்சி முறை என்று ஆசிரியர் சொல்லியிருந்தார். பாயில் மல்லாந்து படுத்து என் வயிற்றை உற்றுப் பார்த்தேன். நான் பார்க்கிற பக்கம் எல்லாம் வலித்தது.

"வலிக்கா, இல்லியா? ஒண்ணு சொல்லுங்க" என்றாள் மனைவி.

கவனித்துக்கொண்டிருக்கிறேன் என்றேன்.

"கவனிச்சா கல்லுக்கும் வலிக்கும். எழும்பி கஞ்சியக் குடிங்க."

எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் குடையை அவளுடைய தம்பிக்குக் கொடுத்துவிடச் சொன்னேன்.

"அந்தக் கொடையா? அதுக்கு உள்ளயாக்கும் மழை பெய்யும். எனக்க தம்பி உங்களுக்கு என்ன துரோகம் செய்தான்?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் கஞ்சியை வைத்துவிட்டு என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அதையும் நோயின் அடையாளங்களில் ஒன்றாக எடுத்துக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து, இன்னும் சாகாத நிலையில் ஆசிரியரைப் பார்க்கப் போனேன். தாள்களைக் கூட்டிப் பார்த்து மலர்ந்திருந்தார். ஏறக்குறைய ஊரே தண்ணீரைக் காய்ச்சுகிறது. நான் ஊற்றில் பார்த்ததைச் சொன்னேன். அவர் முகத்தில் இருந்தது கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. கோபப்படவில்லை. தாள்களை அடுக்கி ஓரமாக வைத்துவிட்டு, "நாம் வருகிறோம் என்று தெரிந்தால் இந்த ஊர் என்ன சொல்லும் என்பதைத்தான் கண்டுபிடித்திருக்கிறோம்" என்றார். மறுபடி போக வேண்டும் என்றார். யாருக்கும் சொல்லாமல், ஒன்றும் கேட்காமல், ஊற்றையும் கூரைப் புகையையும் மட்டும் பார்த்துவிட்டு வர வேண்டும்.

போகிறேன் என்று சொல்லிவிட்டு நான் போகவில்லை. அதற்குள் அந்தக் கரையில் வாந்திபேதி இறங்கிவிட்டது என்று கோட்டாற்றுக் கடைகளில் பேச்சு வந்தது. மீன்காரிகள் வருவது நின்றது. என் பயம் திரும்பவும் தலைதூக்கியது. நாள் பல ஆகியும் எனக்கு ஒன்றும் வரவில்லையே என்று மனைவி சொன்னாள். என் வயிற்றுக்குள் போன கிருமி என்னைப் போலவே சோம்பேறியாக இருக்கலாம் என்றேன். வேடிக்கைக்குச் சொன்னதில்லை, உண்மையாகவே அப்படி நினைத்தேன். தூக்கம் இல்லை. கடைசியில் ஒரு யோசனை வந்தது. செம்பு தந்த பெண்ணும் அதே தண்ணீரைத்தானே குடித்திருப்பாள். அவள் நன்றாக இருந்தால் நானும் தப்பினேன். அவளைப் பார்த்தால் போதும்.

ஆராய்ச்சிக்காகப் போனேன் என்று பிற்பாடு பலரிடம் சொல்லியிருக்கிறேன். என் வயிற்றுக்காகத்தான் போனேன்.

நோய் தணிந்துவிட்டது என்று உறுதியாகக் கேள்விப்பட்ட பிறகே கிளம்பினேன். கரையில் வள்ளங்கள் ஏறிக் கிடந்தன. வாசல்களில் சுண்ணாம்புத் தூள் போட்டிருந்தது. சாவு மணி அடித்து அடித்து ஊரே பயந்துபோனதால் மணியடிப்பதைச் சாமியார் நிறுத்திவிட்டாராம். கோயிலுக்குப் பின்னால் மணல் வரிசை வரிசையாக மேடு தட்டியிருந்தது. கடலைக் காய்ச்சின மனிதரை எங்கும் காணவில்லை. விசாரிக்க எனக்குத் துணிவில்லை.

அந்த வீட்டில் அவளுடைய புருஷன் மட்டும் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு அவர் கடலில் இருந்ததால் என்னைப் பார்த்ததில்லை. நான் இன்னார் என்று சொன்னேன். எழுந்து, உட்காரச் சொன்னார். வாசலில் கடவம் இல்லை. வீட்டுக்குள்ளிருந்து சத்தமும் இல்லை. அந்த நிலையிலும் நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அன்றைக்கு எனக்குத் தந்தது காய்ச்சின தண்ணீர்தானா?



"பின்னே? கோயில்ல சொன்னாவல்லியா, சாருமாரு வருவாவண்ணு. சும்மா வெள்ளம் குடுத்தா கொறச்சலாக்குமேண்ணு, மீன் கடவத்தப் பிச்சு எரிச்சாக்கும் ஒரு செம்பு காய்ச்சினா. வேற என்னத்த எரிக்க?"

"நீங்கள் எல்லாம் குடித்தது?"

"எங்களுக்கு ஊத்து வெள்ளந்தான்."

எனக்கு வாந்திபேதி வரவில்லை. அவளுக்கும், செம்புக்குக் கை நீட்டின அந்தக் குழந்தைக்கும் ஒரே நாளில் வந்தது. நான் போவதற்கு முந்தின வாரம் இரண்டு பேரையும் கோயிலுக்குப் பின்னால் ஒரே குழியில் அடக்கம் செய்திருந்தார்கள்.