‘ஒன்லி’ நின்ற இடம்

கொடுத்து முடித்த கடிதத்தில் உள்ள பிழையை, கொடுத்தவரிடம் சொல்ல வேண்டுமா? எனக்குத் தெரியவில்லை.

இன்று மாலை ஸ்ரீமுஷ்ணம் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் ஒரு பெண். விருத்தாசலத்தில் ஒரு செராமிக் கம்பெனியில் வேலை. குடோனில் இரண்டு பெட்டி கப் காணவில்லை என்று அவரிடம் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். காலையில் கொடுத்த கடிதத்தைப் போனில் காட்டினார்.

"என் பொண்ணுதான் எழுதிக் குடுத்தா அக்கா, இங்கிலீஷ் மீடியம். நல்லா இருக்குதா?"

"Only I opened the godown" என்று இருந்தது.

"நீங்க என்ன எழுதச் சொன்னீங்க?"

"நான் தொறந்து மட்டும்தான் வுட்டேன், உள்ள போவலன்னு."

கடிதமோ, நான் மட்டும்தான் திறந்தேன் என்கிறது. தமிழில் அவர் ‘மட்டும்’ என்பதைச் சரியான இடத்தில்தான் வைத்தார். ஆங்கிலத்தில் ‘ஒன்லி’ ஒரு சொல் முன்னால் போய் நின்றுவிட்டது. பழி முழுவதும் இவர் மேல்.

சொல்லிவிட்டேன்.

"பொண்ணுக்குத் தெரிய வேணாங்க்கா. எங்க தெருவுக்கே அவதான் எழுதிக் குடுக்குறா."

திருத்தி எழுதிக் கொடுத்தேன். என் நம்பரை வாங்கிக்கொண்டார். பிழை கண்ணில் பட்டும் சும்மா இருப்பது எப்படி என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மறுநாள் சேர்த்தது: அந்தப் பெண் போன் செய்தார். திருத்திய கடிதத்தையும் காலையில் கொண்டுபோய்க் கொடுத்தாராம். மேனேஜர் இரண்டு கடிதங்களையும் அருகருகே வைத்து, "இதுல எதும்மா நீ எழுதுனது?" என்று கேட்டிருக்கிறார்.

"ரெண்டுமே நான் எழுதலைங்கன்னு சொன்னேங்க்கா."

விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள்.