களவா கற்ற வேட்டை

துறைமுகத்தில் அவளை ஈட்டிக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். வேறு கடலிலிருந்து வந்து குடியேறிவிட்ட சிங்கமீனை முக்குளித்துக் குத்துவதுதான் அவள் வேலை. அது சிவப்பு வரிச் செட்டைகளை விரித்துச் சீவிச் சிங்காரித்து நிற்கும். உடம்பெல்லாம் நச்சு முள். வாயோ அடங்காத வாய். பாறையோரக் குஞ்சு மீன்களை வழித்துத் தின்றுவிட்டது. அதைத் தின்னத்தான் இந்தக் கடலில் ஆளில்லை. வலைகள் வெறுமனே திரும்பின. அவளுக்குப் படகோட்டும் அவள் அக்கா, "இந்தப் பருவமும் இப்படியே போச்சுன்னா படகை வித்துட்டுக் கெளம்ப வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டாள்.

அப்போதுதான் ஈட்டிக்காரிக்கு அந்த யோசனை உதித்தது. பாறைக்கடியில் குடியிருந்த பெரிய களவா மீனுக்கு, குத்திய சிங்கமீனை முள் நறுக்கி ஊட்டிவிட்டாள். ருசி கண்டால் தானே வேட்டையாடும் என்று நினைப்பு. ஐயா ருசி கண்டார்தான்! வேட்டைக்குத்தான் போகவில்லை. அவள் குதித்ததும் ஓடி வந்து ஈட்டியையே முறைத்துக்கொண்டு நிற்பார். ஒருநாள் பொறுமையிழந்து, ஊட்டிய மீனை அவள் கையோடு சேர்த்துக் கவ்வியும்விட்டார்.

"நல்லா ஊட்டி வளத்தே, போ!" என்று கட்டுப்போட்டபடி அக்கா சிரித்தாள். "உக்காந்த எடத்துல சோறு வந்தா எவன்டி வேலைக்குப் போவான்?"

அவளுக்குச் சுருக்கென்றது. அன்றோடு ஊட்டுவதை நிறுத்தினாள். களவா பின்னாலேயே சுற்றியது. பாவமாகத்தான் இருந்தது, ஆனாலும் மனதைக் கல்லாக்கிக்கொண்டாள். சில வாரங்களில் அது வருவதையே விட்டுவிட்டது. எவன் தூண்டிலில் மாட்டியதோ என்று அவள் பாறைக்கடியில் எட்டி எட்டிப் பார்த்தாள்.

பிறகு ஒரு காலை, பாறையிடுக்கில் ஒரு சிங்கமீன் பயமே இல்லாமல் நின்றது. ஈட்டியை ஓங்கியவள் அப்படியே நிறுத்தினாள். பக்கத்தில் களவா! மெல்ல நகர்ந்தது. வாயைப் பிளந்தது. லபக்! அவளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டது. தண்ணீருக்குள்ளேயே கத்தினாள். முகத்தைச் சுற்றி ஒரே குமிழி.

படகில் ஏறியதும் அக்கா அவளுடைய வெறும் பையைப் பார்த்தாள். "என்னடி, ஒண்ணுகூடக் கெடைக்கலையா?"

"கெடைச்சுதுக்கா! எனக்கில்ல, அவனுக்கு! அவனே புடிச்சுத் தின்னான்!"

"முள்ளு?"

"முள்ளோட!"

அக்கா தங்கையின் முகத்திலிருந்த முக்குளிப்புக் கண்ணாடியைப் பிடுங்கி மாட்டிக்கொண்டாள். "எந்தப் பாறை? காட்டு!" என்றபடி, படகை விற்கவிருந்தவள் உடுத்திய துணியோடு கடலில் குதித்தாள்.