உப்பு என்று சொன்ன நாள்

என் வாய்க்கு ஒரு பெயர் உண்டு. உயிர்வேதியியல் பேராசிரியையாக இத்தனை வருடம் குப்பை கொட்டியதில், என் வகுப்பில் தூங்கியவர்களை விட அழுதவர்கள்தான் அதிகம் என்று மாணவர்கள் கேலி பேசுவார்கள். அதைக் கேட்டு உள்ளூரப் பெருமைப்பட்டிருக்கிறேன். அந்தப் பெருமையைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு பெண்ணின் ஆராய்ச்சியைக் கெடுத்தேன். இதை என் கணவரிடம் கூடச் சொன்னதில்லை.

எங்கள் வேலை புரதங்களின் உருவத்தைக் கண்டுபிடிப்பது. அதற்கு முதலில் புரதத்தைப் படிகமாக வளர்த்தாக வேண்டும். படிகம் கிடைத்தால்தான் எக்ஸ்ரேயில் வைத்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க முடியும். அது நம் இஷ்டத்துக்கு வளராது. குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டில், விதவிதமான கரைசல்களில் சொட்டுச் சொட்டாக வைத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இதில் ஒரு தொல்லை, கரைசலில் இருக்கும் உப்பும் அதே பளபளப்போடு படிகமாகி நிற்கும். அதைப் பார்த்து ஏமாறாத ஆள் எங்கள் தொழிலில் கிடையாது. சந்தேகம் வந்தால் மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்து மெல்லிய ஊசியால் குத்திப் பார்ப்போம். உப்பு என்றால் எதிர்த்து நின்று நறுக்கென்று உடையும். புரதம் என்றால் வெந்த பருப்பு மாதிரி மசியும். கையில் ஒரே ஒரு படிகம்தான் இருக்கிறது என்றால் குத்தவே கூடாது. இதை வருடா வருடம் நானே சொல்லிக்கொடுக்கிறேன்.

அந்தப் பெண் வேடந்தாங்கலுக்குப் பக்கத்துக் கிராமம். அப்பாவுக்கு நெல் விவசாயம், அண்ணன் லோடு வண்டி ஓட்டினார். செங்கல்பட்டு வரை ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ் என்று மாறி வந்து, எனக்கு முன்பே லேபைத் திறந்து வைத்திருப்பாள். என்னிடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்து மூன்றாவது வருடம் நடந்துகொண்டிருந்தது. கையில் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை.

ஒரு நாள் முதுகலை மாணவர்களுக்கு மைக்ராஸ்கோப் அறையில் செய்முறை வகுப்பு. நடுவில் கதவைத் தள்ளிக்கொண்டு தட்டும் கையுமாக வந்து நின்றாள். மூச்சு வாங்கியது.

“மேடம், ஒண்ணு வந்துகீது மேடம். எட்டு மாசத்துக்கு அப்புறம் ஒண்ணே ஒண்ணு.”

பதற்றத்தில் ஊர்ப் பேச்சு வெளியே வந்துவிட்டது. பிள்ளைகள் சிரித்தார்கள். வகுப்பு கலைந்ததில் எனக்குச் சுருக்கென்றது. தட்டை வாங்கிப் பார்த்தேன். பளிச்சென்று, கூரான முனைகளோடு, அழகாகத்தான் இருந்தது.

“என்னம்மா, கேளம்பாக்கம் உப்பளத்துல வாரிட்டு வந்தியா?” என்றேன்.

அறையே வெடித்துச் சிரித்தது. அவளும் சிரிக்க முயன்றாள். “இல்ல மேடம், அந்தக் கரைசல்ல உப்பு கம்மி மேடம்” என்றாள். எதிர்த்துப் பேசுகிறாளே என்று எனக்கு வீம்பு வந்துவிட்டது. எல்லோருக்கும் பாடமாக இருக்கட்டும் என்று ஊசியை எடுத்தேன். “வேணாம் மேடம்” என்றாள். நான் குத்தினேன்.

மசிந்தது.

அதைப் பார்த்தது நான் ஒருத்திதான். நிமிர்ந்து, “தப்பு என் மேல” என்று சொல்லியிருக்கலாம். அவள் ஓடிப்போய் அதே கரைசலில் இன்னும் பத்துச் சொட்டு வைத்திருப்பாள். ஆனால் இருபது பேர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“உப்பு” என்றேன். “தட்டைத் தூக்கிப் போட்டுடு.”

அதோடு விட்டேனா? மறு வாரமே அவளைக் கூப்பிட்டு இந்தப் புரதம் உருப்படாது, வேறு எடுத்துக்கொள் என்றேன். அவள் நன்மைக்காகச் சொல்வதுபோல் சொன்னேன். உண்மை என்னவென்றால், அதே கரைசலில் இன்னொன்று வளர்ந்துவிட்டால் என் குட்டு வெளிப்பட்டுவிடும் என்ற பயம். மூன்று மாதம் கழித்து, வீட்டில் நிலத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் படிப்பை நிறுத்தினாள். ஒரு கேள்வியும் கேட்காமல் கையெழுத்துப் போட்டேன். அன்று எனக்கு நிம்மதியாக இருந்தது. அதை நினைத்தால்தான் இப்போது கூசுகிறது.

சில வருடம் கழித்து ஒரு வெளிநாட்டுக் குழு அந்தப் புரதத்தின் உருவத்தை வெளியிட்டது. எந்தக் கரைசலில் வளர்த்தார்கள் என்றுதான் முதலில் தேடினேன். கிட்டத்தட்ட அவளுடையதேதான். யாரிடமும் காட்டாமல் மூடி வைத்தேன்.

போன தை மாதம் மாமல்லபுரத்தில் கடலோர ஓட்டல் ஒன்றில் கருத்தரங்கு. மதியச் சாப்பாட்டு வரிசையில் “மேடம்” என்று குரல். அவள்தான். நாவலூரில் மருந்துக் கம்பெனி ஆவணங்களைச் சரிபார்க்கும் அலுவலகத்தில் வேலையாம், ஆபீஸ் ஆட்களோடு வந்திருந்தாள். என் தட்டைப் பிடுங்கி அவளே சாதம் போட்டுக்கொண்டு வந்து தந்தாள். அந்த மரியாதை தாங்கவில்லை. உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன்.

“அன்னிக்கு நான் குத்தினது உப்பு இல்லம்மா. எனக்கு அப்பவே தெரியும்.”

அவள் குழம்பைப் பிசைவதை நிறுத்தவில்லை.

“தெரியும் மேடம். தட்டத் தூக்கிப் போடறதுக்கு முன்னாடி அந்தச் சொட்ட எடுத்து ஜெல்லுல ஓட்டிப் பாத்தேன். உப்புன்னா ஒண்ணும் தெரியாது. நம்ம புரதத்தோட கோடு அப்படியே வுழுந்துது.”

“அப்ப ஏம்மா என்கிட்ட வந்து கேக்கல?”

“நீங்களே கூப்ட்டு சொல்லுவீங்கன்னு மூணு மாசம் பாத்துகினு இருந்தேன் மேடம்” என்றாள். “அப்புறம்தான் லெட்டர் குடுத்தேன். வூட்ல நெலத்தப் பாத்துக்க அப்பாவும் அண்ணனும் இருந்தாங்க.”