கரையில் நின்றவர்

வாவியைக் கடக்கும் மிதவைப் படகை எங்கள் பக்கம் பாதை என்போம். அக்கரையிலுள்ள படுவான்கரைப் பள்ளிக்கூடம் ஒன்றில் நான் படிப்பித்த காலத்தில், காலைப் பாதையில் அவரைக் காண்பேன். மெலிந்த மனிதர், கழுத்துவரை பொத்தான் போட்டிருப்பார். சண்டையொன்றில் ஒருவரைக் கொன்று, பல வருடம் சிறை மறியலில் இருந்து வந்தவர் என்று பாதைக்காரர் சொல்லியிருந்தார். செத்தவரின் மனைவி மீன் பெட்டியோடு வந்து ஏறினால் இவர் இறங்கி, அடுத்த பாதை வரும்வரை கரையில் தனியே நிற்பார்.

ஒருநாள் கேட்டேன். "மறியல் முடிஞ்சுதானே வந்தீங்க அண்ணன், பிறகு என்னத்துக்கு இறங்குறீங்க?"

"ரோட்டிலெண்டா அவ விலகிப் போகலாம் டீச்சர். தண்ணிக்கு நடுவில எங்க போவா? என்ட முகத்தத்தானே பார்க்கணும்."

மார்கழி மழையில் ஒருநாள் அவர் வழக்கம்போல இறங்கினார். அந்த அம்மா பாதைக்காரரிடம் மெதுவாக, "நனையிறார். ஏறச் சொல்லுங்க" என்றார். பாதைக்காரர் கூப்பிட்டார். அவர் தலையை ஆட்டி மறுத்துவிட்டார்.

எப்போதும் அக்கரையைப் பார்த்தே இருக்கும் அந்த அம்மா, அன்று பாதை அக்கரை சேரும்வரை இந்தக் கரையையே பார்த்திருந்தார். அந்த மனிதர் ஏறியிருக்கலாம். அன்று அவர் ஏறாமல் நின்றது யாருக்காக என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.