அன்றைக்கு யாருடைய பாடு

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் பொன்னேரியில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா. ஆப்பிரிக்காவில் ஏதோ ஒரு பெரிய ஏரிக்கரையில் பிறந்து, மீன்பிடிப்பைப் பற்றிப் படிக்க மெட்ராஸுக்கு வந்திருந்த ஒருவருக்குப் பழவேற்காடு ஏரியைச் சுற்றிக் காட்டும் வேலை என் தலையில் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை வேறு. எரிச்சலோடுதான் போனேன். ஆனால் மனிதர் வழியில் கண்ட கடையிலெல்லாம் இறங்கி இட்லி கேட்டார். பழவேற்காடு வருவதற்குள் என் எரிச்சல் போய்விட்டது.

நான் சோழவரம் பக்கம் நெல் விளைகிற வீட்டில் பிறந்தவன். முறைத் தண்ணீர் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். அடுத்தவன் முறையில் மடையைத் திறந்தால் விஷயம் அரிவாள் வரை போகும். ஆனால் ஏரி அகலமாகக் கிடந்ததைப் பார்த்ததும், இதற்கு ஏது முறை, எல்லாம் சர்க்கார் தண்ணீர்தானே என்று நினைத்துவிட்டேன். இடுப்பளவு தண்ணீரில் நான்கு பேர் வலையை வளைத்துக்கொண்டிருந்தார்கள். "இன்னும் கிட்டே போங்க, நல்லா பாக்கட்டும்" என்று எங்களை ஏற்றிப்போன மோட்டார் படகுக்காரரை விரட்டியது நான்தான். எங்கள் சத்தத்தில் மடவை மீன்கள் துள்ளித் துள்ளி வலைக்கு வெளியே போயின. நான் அதை ரசித்துக் கை வேறு காட்டினேன்.

கரைக்கு வந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. அந்த இடத்தில் வலை போட ஒவ்வொரு தலைக்கட்டுக்கும் ஒரு நாள் முறை உண்டு. அதைப் பாடு என்பார்கள். சீட்டுப் போட்டு வரிசை வைத்திருந்தார்கள். அந்த நால்வரில் வலைக்குச் சொந்தக்காரருக்கு அது பதினெட்டு நாள் காத்திருந்து வந்த பாடு. மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். அன்றைக்குக் கிடைக்கும் மீனை விற்றுத்தான் அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். அடுத்த பாடு வருவதற்குள் குழந்தை பிறந்துவிடும்.

அவர் கத்தவில்லை. "இன்னா சார், ஆளுங்கள இட்டுக்கினு வர்றவரு ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. சட்டைப்பையில் கையை விட்டேன். "அத்த உள்ள வையி சார்" என்று சொல்லிவிட்டு வலையை உதறப் போனார்.

நடந்ததை விருந்தாளிக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் முகம் தொங்கிவிட்டது. அவர்கள் ஊரில், இன்று யாருடைய நாள் என்று கரையில் கேட்காமல் யாரும் ஏரியில் இறங்க மாட்டார்களாம். ஏரி ஒருவருக்குக் கொடுப்பதைக் கெடுத்தால், ஊருக்கும் ஏரிக்கும் இருக்கிற உறவையே கெடுத்ததாகத்தான் பேசுவார்களாம். "உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்தும் கேட்கவில்லை" என்றார். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு வார்த்தை தமிழ் தெரியாமலே, வலையின் மறுமுனையில் உட்கார்ந்து பாசியை எடுக்க ஆரம்பித்தார். நான் என் வெள்ளைப் பேண்ட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு நானும் உட்கார்ந்தேன்.

சாயங்காலம் ஊர் கூடியது. மறுநாள் பாடு யாருக்கோ, அவர் எழுந்து, "நாளைக்கு நீ போண்ணா, நான் அதுக்கு மறுநாளு பாத்துக்கறேன்" என்றார். அப்படியானால் அவருக்குப் பின்னால் இருக்கிற எல்லா வீடும் ஒரு நாள் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும். யாராவது முணுமுணுப்பார்கள் என்று பார்த்தேன். ஓர் அம்மா மட்டும், "அப்ப எங்க ஊட்டுது வெள்ளிக்கிழமயா?" என்று கேட்டுக்கொண்டார்.

நாங்கள் அங்கேயே தங்கி, விடிந்ததும் வலைக்காரரோடு ஏரியில் இறங்கினோம். மடவை கூடை கூடையாக வந்தது. வியாபாரி வருவதற்கு முன் அவர் மணலில் பங்கு வைத்தார். வலை இழுத்தவர்களுக்கும், தன் நாளை விட்டுக்கொடுத்தவருக்கும் வைத்த பிறகு, எங்களுக்கும் இரண்டு பங்கு வைத்தார். வேண்டாமென்று நான் பின்வாங்கினேன். "வலையில கை வெச்சவங்களுக்குப் பங்கு உண்டு சார். அவரு வாங்கிக்கினாரு பாரு" என்றார். விருந்தாளி இரண்டு கையாலும் வாங்கி, மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்.

நான் அழுதுவிட்டேன். அவருடைய நாளைக் கெடுத்தவன் கையில் அவரே மீனை வைக்கிறார் என்பதை என்னால் தாங்க முடியவில்லை.

"மூஞ்சிய கழுவு சார், உப்புத் தண்ணி கண்ணுல பட்டுக்கீது" என்று சொல்லிவிட்டு, மகளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வண்டி பார்க்கக் கிளம்பினார்.