தாலிக்குப் பின் வந்த கெட்டிமேளம்

கல்யாண வீடியோ தொகுக்கும் தொழிலில் படம் மங்கினால் விளக்கின் மேல் பழி போடலாம், ஆடினால் கூட்டத்தின் மேல் போடலாம். சத்தம் பிந்தினால் மட்டும் பழி நம் தலையில்தான். தொண்ணூறுகளின் கடைசியில், ஒழுங்காக ஓடிய வீடியோ ரெக்கார்டர்களை ஓரங்கட்டிவிட்டுக் கணினி வாங்கியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மலாக்காவில் கடை வைத்திருந்த நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்.

சத்தமில்லாத மூன்று முடிச்சு

லூபோக் சீனா பக்கம் ஒரு தோட்டத்துக் கோயிலில் நடந்த கல்யாணம். பெண் வசந்தி. டேப்பைக் கொடுத்த மறுவாரம் அவளுடைய அண்ணன் குணா, தோட்டத்திலிருந்து செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுபவர், அதைத் திரும்பக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். போட்டுப் பார்த்தேன். ஐயர் கையை உயர்த்துகிறார். நாதஸ்வரக்காரரின் கன்னம் உப்புகிறது. மேளச் சத்தமில்லை. மாப்பிள்ளை மூன்று முடிச்சும் போட்டு நிமிர்ந்த பிறகுதான் கெட்டிமேளம் முழங்குகிறது.

முதல் பத்து நிமிடம் மட்டும் சரிபார்த்துவிட்டு டேப்பைக் கொடுத்தது என் குற்றம். ஆனால் மேளமில்லாமல் ஏறிய தாலி செல்லாது, சொந்தபந்தத்தைக் கூட்டிக் கோயிலில் மறுபடி கட்ட வேண்டும் என்று தஞ்சோங் கிளிங்கில் இருக்கும் வசந்தியின் மாமியார் சொல்கிறாராம். அது யார் குற்றம்? அந்த அம்மாவும் மணமேடையில் நின்றவர்தானே? குணா தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "மறுபடி கட்டுனா, மொதல்ல கட்டுனது பொய்னு எங்க வாயாலேயே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்ணே."

கோலாலம்பூர் வைத்தியம்

மென்பொருள் விற்ற கோலாலம்பூர் கடைக்குப் போன் செய்தேன். கணினியை அணைத்துப் போடச் சொன்னார்கள். மென்பொருளை அழித்துவிட்டு மறுபடி ஏற்றச் சொன்னார்கள். இதிலேயே இரண்டு நாள் போயிற்று. கடைசியாகப் பேசிய ஒரு தமிழர்தான் உண்மையைச் சொன்னார். கணினிக்குள் படத்துக்கு ஒரு அட்டை, ஒலிக்கு ஒரு அட்டை. ஒவ்வொன்றும் அதனதன் கடிகாரப்படி ஓடுகிறது. சேர்ந்து கிளம்பினாலும் இரண்டு மணி நேரத்தில் பத்து விநாடி விலகிவிடும். துண்டு துண்டாக ஏற்றினால் விலகல் தெரியாது.

இதை விற்கும்போதே சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று கேட்டேன். மனிதர் அசரவில்லை. "செஞ்சவன் வெளிநாட்டுக்காரன்லா பாஸ். நம்ம கல்யாணம் இவ்ளோ நீளம்னு அவனுக்கு எப்படித் தெரியும்?"

முடிச்சுப் போட்டவர் சாட்சி

பத்துப் பத்து நிமிடமாக ஏற்றிச் சரிசெய்த டேப், கேமரா, அதில் எடுத்த மூல டேப், மூன்றையும் எடுத்துக்கொண்டு குணாவுடன் தஞ்சோங் கிளிங் போனேன். முதலில் மாப்பிள்ளையைக் கேட்டேன். கட்டியவர் அவர், மேளம் கேட்டதா இல்லையா? அவர் தன் அம்மாவைப் பார்த்தார். அணைந்து கிடந்த டிவியைப் பார்த்தார். வங்கியில் வேலை செய்கிறவர், படித்தவர். "எனக்கு முடிச்சு அவுந்துடக் கூடாதேன்னுதான் பயம். வீடியோல அப்படி இருந்தா அப்படித்தான் நடந்திருக்கும்."

மாமியாரின் தீர்ப்பு

சரிசெய்த டேப்பை மாமியார் தொடவே இல்லை. கேமராவை டிவியில் மாட்டி மூல டேப்பை ஓட்டினேன். தாலி ஏறும்போதே மேளம் கூரையைப் பிளக்கிறது. கணினி வைத்திருப்பவன் எதையும் மாற்றுவான், முதலில் வந்த டேப்தான் உண்மை என்றார் மாமியார். இது கணினியிலிருந்து வந்த டேப் இல்லை, மணமேடையில் கேமராவிலேயே பதிவானது என்றேன். என் குரல் உயர்ந்துவிட்டது. டேப்பை மாற்றத் தோட்டத்துக்காரர்களுக்கு ஆள் பிடிக்கவா தெரியாது என்று அவர் குணாவைப் பார்த்துச் சொன்னார். குணா காது சிவக்க நின்றார்.

அதுவரை சமையலறை வாசலில் நின்றிருந்த வசந்தி வந்து டிவியை அணைத்தாள். குரலை உயர்த்தவில்லை. "தாலி ஏறுறப்போ தலையக் குனின்னு நீங்கதானே அத்தை என் காதுல கத்துனீங்க? மேளம் இல்லைன்னா எதுக்குக் கத்துனீங்க?"

இரண்டாம் தாலிப் பேச்சு அன்றோடு நின்றது. அதற்குப் பிறகு எந்தக் கல்யாண டேப்பையும் மாமியார்கள் பார்ப்பதற்கு முன் கடைசிவரை நான் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன்.