ஏரியில் வார்னிஷ், காட்டில் மொக்கு

பங்குனி பிறந்ததும் ஏற்காடு ஏரிக்கரையில் படகுகளைக் கவிழ்த்துப் போட்டுவிடுவார்கள். கோடைக் கூட்டம் வருவதற்குள் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, அடியில் வெள்ளை பெயிண்டும் உட்பக்கம் வார்னிஷும் அடித்து முடிக்க வேண்டும். மாரமங்கலத்திலிருந்து பஸ் ஏறிப் போய் நான் அந்த வேலையைச் செய்கிறேன். எங்கள் காப்பிக் காட்டில் அப்போது வேலை கிடையாது. மொக்கு விட்ட செடி ஒரு நல்ல மழைக்காகக் காத்திருக்கும். மழை விழுந்தால்தான் பூ விரியும், பூ விரிந்தால்தான் காய்.

என் கதியைப் பாருங்கள். வார்னிஷ் காய வெயில் வேண்டும், காப்பி பூக்க மழை வேண்டும். சேலத்திலிருந்து வரும் பெயிண்டர் மேஸ்திரி, மேகத்தைக் கண்டாலே என்னைத்தான் முறைப்பார்.

“ஏனுங்க, உங்க மழையைக் கொஞ்சம் அந்தப் பக்கமா நிக்கச் சொல்லுங்க.”

இந்த வருஷம் எனக்குச் சிரிப்பு வரவில்லை. போன வருஷம் மழை ஏமாற்றி, மொக்கெல்லாம் செடியிலேயே கருகிப்போனது. இதுவும் போனால் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விடுவது என்று நானும் மனைவியும் பேசி வைத்திருந்தோம்.

ஒரு மத்தியானம், துடுப்புப் படகுகளுக்கெல்லாம் கடைசிப் பூச்சு அடித்து நிமிர்ந்தால் ஏரியே கறுத்துக் கிடந்தது. “இழுங்க, இழுங்க!” என்று மேஸ்திரி கத்தினார். தார்ப்பாயின் ஒரு முனை என் கையில்தான் இருந்தது. காற்று அதைப் பிடுங்கிக்கொண்டு போனது. அடுத்த நொடி கொட்டியது மழை. ஈர வார்னிஷ் முழுக்க அம்மைத் தழும்பாகிவிட்டது. மேஸ்திரி வாய்க்கு வந்தபடி திட்டினார். எனக்கோ நனைய நனைய உடம்பு சிலிர்த்தது. இவ்வளவு தண்ணீரை வானம் எங்கேதான் ஒளித்து வைத்திருந்ததோ!

ஆனால் மலை மழையை நம்ப முடியாது. இந்த வளைவில் பெய்யும், அடுத்த வளைவில் பெய்யாது. மனைவிக்குப் போன் அடித்தேன், போகவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ரோட்டையே பார்த்துக்கொண்டு போனேன். பாதி வழி வரை ஈரம். அப்புறம் பஸ்ஸுக்குப் பின்னால் புழுதி பறந்தது.

ஊர் நெருங்கும்போது ரோடு மறுபடி மினுங்கியது. மனைவி பஸ் நிற்கும் இடத்துக்கே வந்திருந்தாள், காலெல்லாம் சேறு.

“நொம்ப நேரம் பேஞ்சுதுங்க. ஊட்டுக்குள்ள இருக்கவே முடியல, காட்டுலயே நின்னுட்டேனுங்க.”

மேஸ்திரியின் கோபம் அத்தனை படகையும் மறுபடி தேய்த்து முடிக்கும்வரை ஆறவில்லை. “என் வேலையைக் கெடுத்த பூ எப்படித்தான் இருக்குதுன்னு பாக்கோணுமுங்க” என்று அடுத்த வாரக் கடைசியில் என்னோடு ஊருக்கு வந்தார். காடு முழுக்க வெளுத்துக் கிடந்தது. கிளைக்குக் கிளை பூ, இலையே தெரியவில்லை. வாசனை மூச்சை அடைத்தது, தேனீ இரைச்சலில் பேச்சு கேட்கவில்லை. வருஷக்கணக்கில் பார்க்கிறவன் நான். இனி ஊரை விட்டுப் போக வேண்டாம் என்று நினைத்ததும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. வாய் ஓயாத மேஸ்திரி, செருப்பை வெளியிலேயே விட்டுவிட்டுச் செடிகளுக்கு நடுவே போய் நின்றார். ஒரு கிளையை வளைத்து முகத்தருகே பிடித்தார்.

“வெள்ளை வெள்ளைன்னு இத்தனை நாளா நான் எதைங்க அடிச்சுட்டு இருந்தேன்?”